ஓர் ஆசிரியரின் சங்கிலி: காந்தத்திலிருந்து இலத்திரன் வரை



அன்பு உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். வீட்டில் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

இணைந்த கணிதத்தில் சிக்கலெண் பாடம் தொடங்கினால் வருடா வருடம் ஒரே கேள்வி வரும். "மறை ஒன்றுக்கு வர்க்கமூலம் இல்லை என்று சின்ன வகுப்பில் படித்தோமே சேர், இப்போது ஏன் இல்லாத எண்ணைப் படிக்கிறோம்?" நியாயமான கேள்விதான். ஒரு வரியில் பதில் சொன்னால் பிள்ளைகளுக்கு அது ஒட்டாது. அதனால் ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். இது ஒரு காந்தத் துண்டில் தொடங்கி இலத்திரனில் போய் முடியும். நடுவில் நிற்பவர் ஒரு பாடசாலை ஆசிரியர்.

சூடாக்கிய காந்தம்

காந்தமாக்கிய இரும்பைச் சூடாக்கிக்கொண்டே போனால், ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் அதன் காந்தத்தன்மை போய்விடும். இரும்பு உருகுவதற்கு அதன் இரண்டு மடங்கு அளவு வெப்பநிலை வேண்டும். ஆகவே இரும்பு இரும்பாகவே இருக்கிறது, காந்தம் மட்டும் இல்லாமல் போகிறது. பிரான்ஸில் பியர் கியூரி 1895 இல் இதை விரிவாக அளந்து எழுதினார். மேரி கியூரியின் கணவர்தான் இவர்.

ஏன் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் இப்படி நடக்கிறது? 1920 இல் ஜேர்மனியப் பௌதிகவியலாளர் வில்ஹெல்ம் லென்ஸ் ஓர் எளிய படத்தை முன்வைத்தார். இரும்பின் ஒவ்வோர் அணுவையும் ஒரு சின்னக் காந்த ஊசியாக எடுத்துக்கொள்வோம். அந்த ஊசி மேலே பார்க்கும், அல்லது கீழே பார்க்கும், வேறு திசை இல்லை. இப்படிப்பட்ட ஊசிகள் சதுரக் கொப்பியின் கட்டங்கள் போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்த அடுக்கைச் சாலகம் என்கிறோம். ஊசியின் இரண்டு நிலைகளைப் பௌதிகவியலாளர்கள் ஸ்பின் என்பார்கள்.

விதி ஒன்றே ஒன்றுதான். பக்கத்துப் பக்கத்து ஊசிகள் ஒரே திசையில் பார்த்தால் சக்தி குறைவு. எதிரெதிராகப் பார்த்தால் சக்தி கூடுதல். இயற்கை குறைந்த சக்தியை நாடும். வெப்பமோ எல்லாவற்றையும் குலைத்துவிடப் பார்க்கும். இரண்டுக்கும் இடையிலான இழுபறியில் வெல்வது யார் என்பதுதான் கேள்வி.

லென்ஸ் பின்னர் ஹம்பர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே இந்த வேலையைத் தன் மாணவர் ஒருவரிடம் கொடுத்தார். மாணவரின் பெயர் ஏர்ன்ஸ்ட் ஈசிங். 1900 மே 10 இல் கொலோன் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கிலம் பேசுவோர் அவர் பெயரை ஐசிங் என்று உச்சரிப்பார்கள்.

எல்லாவற்றையும் கூட்டும் முறை

கோடானுகோடி ஊசிகளையும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து கணக்குச் செய்ய எவராலும் முடியாது. அதற்கு 19 ஆம் நூற்றாண்டிலேயே போல்ட்ஸ்மன் ஒரு வழி காட்டியிருந்தார். ஊசிகள் நிற்கக்கூடிய எல்லா அமைவுகளையும் எடுத்துக்கொள். ஒவ்வோர் அமைவுக்கும் ஒரு நிறை கொடு. சக்தி கூடிய அமைவுக்குச் சிறிய நிறை, சக்தி குறைந்த அமைவுக்குப் பெரிய நிறை. வெப்பநிலை ஏற ஏற இந்த வேறுபாடு மங்கிப்போகும். எல்லா நிறைகளையும் கூட்டு. ஓர் அமைவின் நிறையை அந்த மொத்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அமைவு நிகழ்வதற்கான நிகழ்தகவு கிடைக்கும்.

சொல்லச் சுலபம், செய்வது கடினம். 10 க்கு 10 என்ற சின்னப் பலகையில் 100 ஊசிகள் இருந்தாலே அமைவுகளின் எண்ணிக்கை 1 க்குப் பின்னால் 30 பூச்சியம் போட்ட எண்ணைத் தாண்டிவிடும்.

ஆகவே ஈசிங் இருப்பதிலேயே எளியதை எடுத்தார். ஊசிகளை ஒரே வரிசையில், ஒரு சங்கிலியாக நிறுத்தினார்.

காலைக் கூட்டத்தில் 1000 பிள்ளைகள் ஒரே நேர்வரிசையில் நிற்பதாக நினையுங்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவர் பார்க்கும் திசையிலேயே பார்க்க விரும்புகிறார். ஓரிடத்தில் மட்டும் இணக்கம் முறிகிறது: அதுவரை இடப்பக்கம் பார்த்தார்கள், அதற்குப் பிறகு எல்லோரும் வலப்பக்கம் பார்க்கிறார்கள். இந்த முறிவுக்கு ஆகும் சக்திச் செலவு ஒரே அளவுதான். ஆனால் முறிவு நிகழக்கூடிய இடங்கள் 999. வரிசை நீள நீள இடங்கள் கூடும், செலவு கூடாது. ஆகவே துளி வெப்பம் இருந்தாலும் நீண்ட சங்கிலியில் எங்கோ முறிவு வரும். சங்கிலி ஒருபோதும் முழுக் காந்தமாக நிலைக்காது.

ஈசிங் 1924 இல் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டை முடித்தார். கட்டுரை 1925 இல் வெளியானது. சங்கிலியைப் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் முப்பரிமாணத்திலும் இதே முடிவுதான் வரும் என்றும் அவர் கருதினார். அது பிழை. லென்ஸின் படத்தால் காந்தத்தை விளக்க முடியாது என்றே பலரும் நினைத்தார்கள். 1928 இல் ஹைசன்பேர்க் காந்தத்துக்குப் புதிய கோட்பாடு ஒன்றை எழுதியபோது, ஈசிங்கின் முயற்சி வெற்றி பெறாததைச் சுட்டிக்காட்டியே தொடங்கினார். ஈசிங் ஆராய்ச்சியை விட்டு விலகிப் பாடசாலை ஆசிரியரானார்.

களம் விரிகிறது

1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர் என்பதால் ஈசிங்கின் அரச ஆசிரியர் வேலை பறிபோனது. அரச பாடசாலைகளிலிருந்து துரத்தப்பட்ட யூதப் பிள்ளைகளுக்காகப் பொட்ஸ்டாம் அருகே காபுத் என்ற ஊரில் ஒரு விடுதிப் பாடசாலை இருந்தது. அதில் ஆசிரியராகச் சேர்ந்து பின்பு அதிபராகவும் ஆனார். ஐன்ஸ்டைன் நாட்டை விட்டுப் போகும்வரை கோடையில் தங்கிய வீடும் அதே ஊரில்தான் இருந்தது.

இதே காலத்தில், அவர் கைவிட்ட கணக்கை வேறொருவர் கையில் எடுத்தார். பேர்லினில் பிறந்த ருடோல்ஃப் பையேர்ல்ஸ், அவரும் யூதர், 1933 க்குப் பிறகு இங்கிலாந்திலேயே தங்கிவிட்டவர். 1936 இல் அவர் ஒரு வாதத்தை வைத்தார். பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தாமல் மைதானம் நிறைய வரிசை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். இப்போது நடுவில் ஒரு கூட்டம் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டுமானால், அந்தக் கூட்டத்தைச் சுற்றியுள்ள எல்லை முழுவதிலும் இணக்கம் முறிய வேண்டும். கூட்டம் பெருக்க எல்லை நீளும், செலவும் ஏறும். குளிர்ந்த நிலையில் இப்படிப்பட்ட தீவுகள் சிறியதாகவே நிற்கும். ஆகவே இருபரிமாணத்தில் காந்தம் சாத்தியம். பையேர்ல்ஸ் தன் கட்டுரையின் தலைப்பிலேயே ஈசிங்கின் பெயரை வைத்தார். லென்ஸ் கொடுத்த படம் ஈசிங் மாதிரி என்ற பெயரோடு உலகில் நிலைத்தது இப்படித்தான்.

1941 இல் கிராமர்ஸ், வனியர் இருவரும் சதுரச் சாலகத்தில் காந்தம் மறையும் வெப்பநிலை எது என்று கண்டுபிடித்தார்கள். அவர்கள் கையாண்ட முறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். முழுச் சாலகத்தையும் ஒரேயடியாகக் கூட்டாமல், ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போகும் நிறைகளை ஒரு தாயத்தில் எழுதினார்கள். அந்தத் தாயத்தை வரிசைக்கு ஒரு தடவை பெருக்கினால் முழுக் கூட்டுத்தொகையும் வந்துவிடும். சாதாரண தரத்தில் நம் பிள்ளைகள் பெருக்குகிறார்களே, அதே தாயம்தான், அளவில் மட்டும் மிகப் பெரியது. 1944 இல் நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய லார்ஸ் ஒன்சாகர் இருபரிமாணக் கணக்கை முற்றாகத் தீர்த்தார். அணுக்களின் எளிய விதியிலிருந்து ஒரு திடீர் மாற்றம் எப்படிப் பிறக்கிறது என்பதை ஒளிவு மறைவில்லாமல் காட்டிய கணக்கு அது.

அந்த 1944 இல் ஈசிங் எங்கே இருந்தார் தெரியுமா?

1938 நவம்பர் 10 இல் காபுத் பாடசாலை அடித்து நொறுக்கப்பட்டது. பிள்ளைகளும் ஆசிரியர்களும் துரத்தப்பட்டார்கள். 1939 இல் ஈசிங் மனைவியுடன் லக்சம்பேர்க்குக்குத் தப்பிப் போனார். அமெரிக்கா போவதே எண்ணம். 1940 மே 10 இல், அவருடைய 40 ஆவது பிறந்தநாள் அன்று, ஜேர்மன் படை லக்சம்பேர்க்கில் நுழைந்தது. கலாநிதிப் பட்டம் பெற்ற மனிதர் வயிற்றுப்பாட்டுக்கு ஆடு மேய்த்தார். பிறகு இராணுவத்துக்காக ரயில் தண்டவாளங்களைக் கழற்றும் கட்டாய வேலை. மனைவி யூதர் அல்லாததால் மட்டுமே முகாமுக்கு அனுப்பப்படாமல் உயிர் தப்பினார். காபுத் பாடசாலையைத் தொடங்கி நடத்திய கெர்ட்ரூட் ஃபையர்டாக் அம்மையாருக்கு அந்த வழியும் இருக்கவில்லை. அவர் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்.

வீட்டையும் பாடசாலையையும் ஒரே நாளில் இழந்து வெளியேறுவது எப்படியிருக்கும் என்று இந்தப் பதிவை வாசிக்கும் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஈசிங் 1947 இல் அமெரிக்கா சேர்ந்தார். 1948 முதல் 1976 வரை இலினோய் மாநிலத்தின் பியோரியா நகரில் பிராட்லி பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்பித்தார். தன் பெயரில் ஒரு மாதிரி இருக்கிறது, அதைப் பற்றி உலகமே எழுதிக்கொண்டிருக்கிறது என்பதை அவர் 1949 இல்தான் அறிந்தார்.

இன்னொரு கூட்டல்

இப்போது குவாண்டம் பக்கம் போவோம். வழி வேறு, ஆனால் கடைசியில் இரண்டும் சந்திக்கும்.

இலத்திரன் எங்கே இருக்கும் என்று குவாண்டம் பௌதிகவியல் அறுதியிட்டுச் சொல்லாது, நிகழ்தகவுதான் சொல்லும். அந்த நிகழ்தகவை நேரடியாகவும் கூட்டாது. முதலில் வீச்சம் என்ற ஒன்றைக் கூட்டும். அதன் பருமனை வர்க்கித்தால்தான் நிகழ்தகவு வரும். இந்த விதியை 1926 இல் மக்ஸ் போர்ன் சொன்னார்.

வீச்சம் என்பது ஒரு சிக்கலெண். தளத்தில் வரைந்த ஓர் அம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நீளமும் உண்டு, திசையும் உண்டு. ஒரே திசை அம்புகள் சேர்ந்தால் பலக்கும். எதிர்த்திசை அம்புகள் சேர்ந்தால் ஒன்றையொன்று அழிக்கும். நிகழ்தகவுகளைக் கூட்டும்போது இப்படி ஓர் அழிவு வரவே வராது. சந்தைக்குப் போக இரண்டாவது வழி ஒன்று திறந்தால், சந்தைக்கு வந்துசேரும் வாய்ப்புக் குறையுமா? ஆனால் இலத்திரனுக்கு இரண்டாவது துவாரத்தைத் திறந்துவிட்டால், திரையின் சில இடங்களுக்கு அது வந்துசேரும் வாய்ப்புக் குறைந்தே போகிறது.

1933 இல் போல் டிராக் ஒரு சோவியத் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் இந்த அம்பின் திசை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு குறிப்புக் கொடுத்தார். ஒரு பாதையில் துணிக்கை போகும்போது, இயக்கசக்தியிலிருந்து அழுத்தசக்தியைக் கழித்து, பயணநேரம் முழுவதும் கூட்டினால் ஓர் எண் வரும். அதைச் செயல் என்பார்கள். அதைப் பிளாங்க் மாறிலியால் வகுத்தால் அம்பு திரும்பும் கோணம் கிடைக்கும். (மாறிலியை இங்கே இரண்டு பையால் வகுத்து எடுத்துக்கொள்ள வேண்டும்.)

அந்தக் கட்டுரையைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து பிரின்ஸ்டனில் ரிச்சர்ட் ஃபைன்மன் என்ற இளம் மாணவர் ஒரு விருந்தில் ஹேர்பேர்ட் ஜேலே என்பவரைச் சந்தித்தார். ஐரோப்பாவிலிருந்து அப்போதுதான் வந்திருந்தவர் ஜேலே. டிராக்கின் கட்டுரையைப் பற்றி அவர்தான் சொன்னார். மறுநாள் இருவரும் நூலகத்தில் அதைத் தேடி எடுத்து வாசித்தார்கள். ஃபைன்மன் தன் நோபல் உரையில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். 1942 இல் ஆய்வேட்டிலும் 1948 இல் கட்டுரையிலும் அவர் குவாண்டம் பௌதிகவியலையே புதிய வடிவில் எழுதினார்: இங்கிருந்து அங்கே போகக்கூடிய எல்லாப் பாதைகளையும் எடு, ஒவ்வொரு பாதைக்கும் ஓர் அம்பு கொடு, எல்லா அம்புகளையும் கூட்டு.

இதை எங்கோ கேட்டது போல இருக்கிறதல்லவா? எல்லா அமைவுகளையும் எடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை கொடு, கூட்டு. போல்ட்ஸ்மன் காட்டிய அதே கூட்டல். ஒரே ஒரு வேறுபாடு: அங்கே நிறை நேர் எண், இங்கே அது சுழலும் அம்பு.

கையால் செய்து பாருங்கள்

இந்த வேறுபாடு என்ன செய்யும் என்று மூன்று ஊசிகளை வைத்தே பார்க்கலாம். தாளும் பேனையும் போதும்.

மூன்று ஊசிகள் வரிசையில். முதலாவது மேலே பார்க்கிறது என்று நிலையாக வைப்போம். இடையில் இரண்டு இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பிலும் இணக்கம் இருந்தால் நிறை 1. முறிவு இருந்தால் நிறை அரை.

மூன்றாவது ஊசியும் மேலே பார்க்க இரண்டு வழிகள் உண்டு. முறிவே இல்லை: நிறை 1. இரண்டு முறிவுகள்: அரையை அரையால் பெருக்கினால் கால். கூட்டினால் 1.25. மூன்றாவது ஊசி கீழே பார்க்கவும் இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு முறிவு: அரையும் அரையும் சேர்ந்து 1. ஆகவே மேலே பார்க்கும் நிகழ்தகவு 2.25 இல் 1.25, அதாவது ஏறத்தாழ 56 வீதம். கீழே 44 வீதம். சங்கிலி முதல் ஊசியின் திசையைக் கொஞ்சம் நினைவில் வைத்திருக்கிறது.

இப்போது ஒரே ஒரு மாற்றம். முறிவின் நிறையைக் கற்பனை அலகின் அரைப்பங்கு ஆக்குவோம். முறிவே இல்லாத வழிக்கு 1. இரண்டு முறிவுகளுக்கு, கற்பனை அலகைக் கற்பனை அலகால் பெருக்கினால் மறை 1 என்பதால், மறை கால். கூட்டினால் 0.75. இரண்டாவது வழி சேர்ந்ததும் தொகை குறைந்துவிட்டது! கீழே பார்க்கும் பக்கம் இரண்டு அரைகள் சேர்ந்து ஒரு முழுக் கற்பனை அலகு. அதன் பருமன் 1. இவை வீச்சங்கள், ஆகவே வர்க்கிக்க வேண்டும்: 0.5625 உம் 1 உம். மொத்தம் 1.5625. மேலே 36 வீதம், கீழே 64 வீதம்.

அதே மூன்று ஊசிகள், அதே நான்கு வழிகள். 56 என்றிருந்தது 36 ஆகிவிட்டது. "இல்லாத எண்" செய்யும் வேலை இதுதான். இது இல்லாமல் இலத்திரன் திரையில் இடும் கோலத்தைக் கணக்கிட முடியாது.

இரண்டுக்கும் இடையில் ஒரு செங்கோணம்

இரண்டு கூட்டல்களுக்கும் இடையில் பாலம் ஒன்று உண்டு. போலந்திலிருந்து 1938 இல் அமெரிக்கா வந்த கணிதவியலாளர் மார்க் காட்ஸ், கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஃபைன்மன் ஆற்றிய உரை ஒன்றைக் கேட்டார். தான் வெப்பம் பரவுவதற்குச் செய்துகொண்டிருந்த கணக்கும் ஃபைன்மனின் கணக்கும் நேரத்தைக் கற்பனை எண்ணாக்கினால் ஒன்றாகிவிடும் என்று கண்டார். அவருடைய கட்டுரை 1949 இல் வந்தது. தான் விட்டுவந்த குடும்பத்தில் பெரும்பாலோரை நாஜிப் படுகொலையில் இழந்தவர் அவர். 1954 இல் இத்தாலியரான ஜான் கார்லோ விக் இதே திருப்பத்தைத் துணிக்கைப் பௌதிகவியலில் பயன்படுத்தினார். இன்றும் அதற்கு விக் திருப்பம் என்றுதான் பெயர்.

செய்வது இதுதான். அம்பின் கோணத்தில் நேரமும் கற்பனை அலகும் பெருக்கலாக நிற்கின்றன. நேர அச்சைச் சிக்கலெண் தளத்தில் 90 பாகை திருப்பினால் இன்னொரு கற்பனை அலகு வந்து பெருக்கும். இரண்டும் சேர்ந்து மறை 1. சுழன்றுகொண்டிருந்த அம்பு, சுருங்கிக்கொண்டே போகும் நேர் எண்ணாகிவிடும். அதாவது போல்ட்ஸ்மன் நிறை. செயலில் இருந்த கழித்தல், அழுத்தசக்தியும் இயக்கசக்தியும் சேர்ந்த கூட்டலாகிவிடும். துணிக்கையின் பாதை, மணிகள் கோத்த ஒரு சங்கிலி போலவும், செயல் அந்தச் சங்கிலியின் சக்தி போலவும் ஆகிவிடும். வெப்பநிலை இருந்த இடத்தில் பிளாங்க் மாறிலி நிற்கும். கிராமர்ஸும் வனியரும் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போகப் பெருக்கிய தாயம், இங்கே ஒரு கணத்திலிருந்து அடுத்த கணத்துக்குப் போகும் தாயம். சாலகத்தின் ஒரு திசையே நேரமாகிவிடுகிறது.

இதைவிட நேரடியான உறவும் ஒன்று உண்டு. ஃபைன்மன், ஹிப்ஸ் இருவரும் 1965 இல் வெளியிட்ட பாடநூலில் ஒரு பயிற்சிக் கேள்வி இருக்கிறது. ஓர் இலத்திரன் ஒரே கோட்டில், எப்போதும் ஒளியின் வேகத்தில், வலமாகவோ இடமாகவோ மட்டும் போகிறது என்று எடு. நேரத்தைச் சின்னச் சின்னப் படிகளாக வெட்டு. திசை திரும்பும் ஒவ்வொரு தடவையும் கற்பனை அலகோடு ஒரு சிறு எண்ணைப் பெருக்கு. அந்தச் சிறு எண், படியின் நீளத்தையும் இலத்திரனின் திணிவையும் பொறுத்தது. எல்லாப் பாதைகளையும் கூட்டு. படிகளைச் சிறிதாக்கிக்கொண்டே போனால், டிராக் 1928 இல் எழுதிய இலத்திரன் சமன்பாடு, ஒரு கோட்டுக்குரிய வடிவில், வந்து நிற்கும். சதுரங்கப் பலகையில் சாய்வாக ஏறும் காய் போலப் பாதை தெரிவதால் இதற்குச் சதுரங்கப் பலகை மாதிரி என்று பெயர்.

வலம், இடம், வலம், வலம், இடம். ஒரே வரிசை, இரண்டு திசைகள், அங்கங்கே முறிவு. இது காலைக் கூட்டத்துப் பிள்ளைகளின் வரிசைதானே! 1981 இல் கேர்ஷ் என்ற ஆய்வாளர் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். இலத்திரன் திசை திரும்பும் இடம், ஈசிங் சங்கிலியில் இணக்கம் முறியும் இடம். இலத்திரன் போய்ச் சேர்ந்த தூரம், சங்கிலியில் ஒரு பக்கம் பார்ப்போர் மறுபக்கம் பார்ப்போரைவிட எத்தனை பேர் கூடுதல் என்ற கணக்கு. திணிவு கூடினால் அடிக்கடி திரும்பும். திணிவே இல்லாவிட்டால் திரும்பவே திரும்பாது, ஒளிபோல நேரே போகும். காந்தத்தை விளக்காது என்று ஒதுக்கப்பட்ட அந்த ஒற்றைச் சங்கிலி, முறிவின் நிறையைக் கற்பனை எண்ணாக்கியதும் இலத்திரனின் சமன்பாட்டைத் தருகிறது. முப்பரிமாண உலகுக்கு இது இதே எளிமையில் விரிவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாலத்தின் எல்லை

"அப்படியானால் குவாண்டம் என்பது வெறும் வெப்பக் குழப்பம்தானே?" என்று கேட்டால், இல்லை. பாலம் இருக்கிறது என்பதற்காக இரண்டு கரையும் ஒன்றாகிவிடாது.

இந்தப் பாலத்தால் கிடைத்த இலாபம் பெரியது. 1974 இல் கென்னத் வில்சன், புரோத்தனுக்குள் இருக்கும் குவார்க்குகளின் விசையை நாற்பரிமாணச் சாலகம் ஒன்றில் எழுதினார். நேரத்தைத் திருப்பிவிட்டதால் நிறைகள் நேர் எண்களாயின. நிறைகள் நேர் எண்களானால் எல்லா அமைவுகளையும் கூட்டத் தேவையில்லை, நிறைக்கேற்ற மாதிரிகளைக் கணினியால் பொறுக்கி எடுத்தால் போதும். 1953 இல் மெட்ரோபொலிஸ் குழுவினர் கொடுத்த முறை அது. 2008 இல் ஓர் ஐரோப்பியக் குழு இந்த வழியில் புரோத்தன் போன்ற துணிக்கைகளின் திணிவைக் கணக்கிட்டு, ஆய்வுகூட அளவீட்டோடு சில வீத வழுவுக்குள் பொருந்த வைத்தது.

ஆனால் மறைக் குறியும் கற்பனை எண்ணும் மறையாமல் நிற்கும் கணக்குகளில் இந்த முறை திணறும். பெரிய நேர் எண்களும் பெரிய மறை எண்களும் ஒன்றையொன்று அழித்து மிஞ்சும் சிறு மிச்சத்தை மாதிரி எடுத்துக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். இதைக் குறிப் பிரச்சினை என்கிறார்கள். நியூத்திரன் நட்சத்திரத்தின் உள்ளே நெருக்கி அடைந்த பொருளைச் சாலகத்தில் கணக்கிட முடியாமல் நிற்பது இதனால்தான். பொதுவாக எல்லாக் கணக்குக்கும் பொருந்தும் விரைவான தீர்வை எதிர்பார்க்க முடியாது என்பதற்கு 2005 இல் ட்ரோயர், வீஸ இருவரும் வலுவான நியாயம் காட்டினார்கள். சாதாரண நிகழ்தகவுக் கணினியால் குவாண்டத்தைப் போலச் செய்ய முடியாது, அதற்குக் குவாண்டம் விதியில் ஓடும் கணினியே வேண்டும் என்று 1982 இல் ஃபைன்மனே எழுதியிருந்தார்.

ஆகவே பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்கலாம்: இரண்டு உலகிலும் எண்ணும் முறை ஒன்று. ஆனால் நேர் எண்களால் கூட்டும் உலகில் எதுவும் எதையும் அழிக்காது, சிக்கலெண்களால் கூட்டும் உலகில் அழிக்கும். இயற்கை தன் அடித்தளத்தில் இரண்டாவது வகைக் கூட்டலைத்தான் செய்கிறது.

நமக்கு

ஈசிங் 1998 மே 11 இல், 98 வயது நிறைந்த மறுநாள், பியோரியாவில் காலமானார். கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு அவர் ஆராய்ச்சியில் பெரிதாக ஒன்றும் வெளியிடவில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியைக் கற்பிப்பதிலேயே கழித்தார். அவர் செய்த ஒரே ஆய்வின் முடிவு "முடியாது, காந்தம் வராது" என்பது. அந்த "முடியாது" ஒழுங்காக நிறுவப்பட்டிருந்ததால்தான், எந்த இடத்தில் அது பொருந்தும், எந்த இடத்தில் பொருந்தாது என்று பையேர்ல்ஸால் தேட முடிந்தது.

பெறுபேறு வரும் மாதங்களில் நம் ஊரில் எத்தனை வீடுகளில் என்ன பேச்சு நடக்கிறது என்று எனக்குத் தெரியும். இஸட் புள்ளி போதவில்லை, பிள்ளை கெம்பஸ் கிடைக்காமல் வெறும் டீச்சராகப் போகிறது என்று சொல்லும் பெற்றோரிடம் ஒன்றைக் கேட்கிறேன். பாடசாலைகளை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளை ஒன்றுசேர்த்துக் காபுத்தில் பாடம் நடத்திய அந்த வருடங்களை, ஈசிங்கின் வாழ்க்கையில் எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

பிள்ளைகளிடம் மூன்று ஊசிக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். நான்கு ஊசிகளுக்குச் செய்தால் மேலே எத்தனை வீதம், கீழே எத்தனை வீதம் வருகிறது என்று அவர்களையே கண்டுபிடித்துக் கீழே எழுதச் சொல்லுங்கள். இரண்டு விதமாகவும் செய்ய வேண்டும், அரையோடும், கற்பனை அலகின் அரையோடும். வரும் விடைகளை நான் பார்த்துப் பதில் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.